படம் எடுத்தாப் போதுமா? நாவுலயில் ஒரு வண்ணாத்திப்பூச்சித் தேடல்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போகிற பஸ்ஸில் எத்தனை தரம் நாவுலயைக் கடந்திருப்போம் என்று எங்களில் யாரிடமும் கணக்கில்லை. தம்புள்ளை கழிந்ததும் நித்திரை வரும், மாத்தளை கிட்டவாகத்தான் முழிப்பு வரும். இரண்டுக்கும் நடுவில், நாங்கள் நித்திரையில் கடந்துபோகிற ஊர்தான் நாவுல. இந்த ஆவணியில்தான் முதல்முறையாக அங்கே இறங்கினோம். ஐந்து பேர், ஒரு பழைய கமரா, நாலு போன், இரண்டு போத்தல் தண்ணி. தேடிப் போனது வண்ணாத்திப்பூச்சி.

சொன்னதும் சிரித்தவர்கள் இரண்டு வகை. முதல் வகை, "உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டவர்கள். அவர்களுக்குக் கடைசியில் பதில் சொல்கிறோம். இரண்டாவது வகை, விசயம் தெரிந்தவர்கள். "இந்தக் காய்ச்சலுக்குள்ளயா? மழை பெஞ்சு முடியப் போங்கோ" என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கு. இந்தப் பக்கத்துக்கு மழை முக்கியமாக ஐப்பசியிலிருந்து தை வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. மழைக்குப் பிறகு துளிர் வரும், துளிரைத் தின்னப் புழு வரும், புழுவுக்குப் பிறகு பூச்சி. ஆவணியில் இலை காய்ந்து, புல் மஞ்சளாகி, வெங்காயத் தோட்டங்களில் அறுவடைத் தூசிதான் பறக்கும்.

ஆனாலும் நாங்கள் போனதற்குக் காரணம் இதுதான்: நிறைய இருக்கிற நேரத்தில் யாரும் பார்க்கலாம். குறைவாக இருக்கிற நேரத்தில் தேடினால்தான் ஒரு உயிர் எதைப் பிடித்துக்கொண்டு தப்பியிருக்கு என்று தெரியவரும். கோடைக் கடைசியில் எந்த ஓடைக்கரையில், எந்த நிழலில் பூச்சி ஒதுங்கியிருக்கோ, அந்த இடம் போனால் மழைக்குப் பிறகும் பூச்சி வராது.

முதல் இரண்டு மணித்தியாலம் ஒன்றுமே கிடைக்கவில்லை. சருகுக்குள் நடந்துகொண்டே இருந்தோம். ஒரு சருகு எழும்பிப் பறந்தது. பத்தடி தள்ளி இருந்து திரும்பவும் சருகாகிவிட்டது. கிட்டப் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் எங்களில் மூன்று பேருக்கு அது தெரியவில்லை. அது மெலனிடிஸ் லீடா என்ற பூச்சி. மாலை மங்கினதும் பறக்கிறது. அதன் புழு புல்லையும் நெல்லிலையையும் தின்னும். மழைக்காலத்தில் பிறக்கிறதுக்குச் சிறகின் அடிப்பக்கத்தில் கண் கண்ணாகப் பொட்டுகள் இருக்கும். பறவை கொத்தினால் உடம்பில் கொத்தாமல் பொட்டில் கொத்தும், பூச்சி சிறகோரத்தை இழந்து உயிரோடு தப்பும். கோடையில் பிறக்கிறதுக்கு அந்தப் பொட்டுகள் கிட்டத்தட்ட இல்லை. காய்ந்த இலைக்கு நடுவில் காய்ந்த இலையாகவே இருந்துவிடும். ஒரே பூச்சிதான், பருவத்துக்கு ஒரு உடுப்பு. மழை முடிய வந்திருந்தால் இந்த உடுப்பை நாங்கள் பார்த்திருக்க மாட்டோம்.

மத்தியானத்துக்குக் கிட்ட, நாலந்தா ஓயாப் பக்கம் ஈரமணல் திட்டொன்றைக் கண்டோம். அதில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு கூட்டம், நடுவில் கறுப்பில் நீலக்கோடு போட்ட இரண்டு மூன்று. சிறகை மூடிக்கொண்டு மணலை உறிஞ்சிக்கொண்டிருந்தன. தண்ணித் தாகம் மட்டும் இல்லை இது. பூந்தேனில் உப்பு மிகக் குறைவு; ஈரமண்ணில் இருக்கு. இப்படிக் கூடுகிறவை அநேகமாக ஆண் பூச்சிகள்தான். உறிஞ்சிய உப்பில் ஒரு பங்கை இணைசேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கும், அது முட்டைக்குப் போகும்.

இவ்வளவும் அங்கே நிற்கும்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் "ஐயோ, நல்ல படம்!" என்பதுதான். எங்களில் ஒருவன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஒரு நொடியில் மணல் திட்டு வெறுமையாகிவிட்டது. கிடைத்தது மணலின் படம் மட்டும். அரை மணித்தியாலம் மரநிழலில் பேசாமல் குந்தியிருந்த பிறகுதான் ஒன்று ஒன்றாகத் திரும்பி வந்தன.

அந்த அரை மணித்தியாலத்தில்தான் இந்தக் கட்டுரையின் முதல் கருத்து எங்களுக்குள் உருவானது: படம் எங்களுக்கு வேணும் என்பதற்காகப் பூச்சி அதன் வேலையை விடத் தேவையில்லை. வெட்கமில்லாமல் சொல்லவேண்டிய விசயம் இது, ஏனென்றால் நாங்களும் செய்திருக்கிறோம். கொப்பை ஆட்டிப் பறக்கவைத்து எடுப்பது, சிறகைப் பிடித்துப் பூவில் வைத்து எடுப்பது. அதைவிட மோசமாக, குளிர்சாதனப் பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து, விறைத்துப்போனதை இலையில் வைத்து எடுக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். படம் வடிவாக இருக்கும், பூச்சியின் அன்றைய நாள் போய்விடும். பல இனங்களுக்கு ஆயுளே ஒரு சில கிழமைதான். ஒரு நாள் என்பது அதற்குச் சின்ன விசயம் இல்லை.

எடுக்க வழி இருக்கு, பொறுமைதான் வேணும். காலையில் வெயில் ஏறத் தொடங்கும் நேரம் போங்கோ. இரவுக் குளிருக்குப் பிறகு சிறகை விரித்து வெயில் காயும். அப்போது சட்டென்று பறக்காது. உங்கட நிழல் அதன்மேல் விழாத பக்கத்தால் போங்கோ. நின்றுகொண்டு கிட்டப் போகாமல் குந்தி, மெல்ல மெல்ல நகருங்கோ. ஓடுகிற மனிதனுக்குப் பயப்படுகிற பூச்சி, தவழுகிற மனிதனைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். சிறகின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, இரண்டு படமும் எடுங்கோ. ஏன் இரண்டும் என்பதை நாங்கள் ஒரு பிழை விட்டுத்தான் படித்தோம்.

எருக்கலைப் பத்தையடியில் செம்மஞ்சள் நிறத்தில், சிறகின் நுனி கறுப்பாக, வெள்ளைப் புள்ளிகளோடு ஒன்று. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று ஒரே படத்தோடு விட்டு, இரவு ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டோம். தமிழ்நாட்டில் வெந்தய வரியன் என்று சொல்கிற பூச்சி என்று நம்பி அந்தப் பெயரில்தான் போட்டோம். அடுத்த நாள் முன்பின் தெரியாத ஒருவர் திருத்தியிருந்தார். வெந்தய வரியனின் புழு எருக்கலை தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துவைக்கும். பறவைகள் அதை ஒருக்கா கொத்தினால் மறுக்கா தொடாது. அந்த மரியாதையை இரவல் வாங்க, நஞ்சில்லாத இன்னொரு இனத்தின் பெண்பூச்சி அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறது. பின்சிறகின் நடுவில் மூன்று நாலு கறுப்புப் புள்ளி இருந்தால் அசல், மேலோரத்தில் ஒன்றே ஒன்று என்றால் நகல். எங்களுடையது நகல். எங்களுக்கு வெட்கம், ஆனால் நாவுலக்கு ஒரு சரியான பதிவு கிடைத்தது.

இதுதான் இரண்டாவது கருத்து. போனில் கிடக்கிற படம் ஒரு ஞாபகம். திகதியும் இடமும் போட்டுப் பொதுவில் வைத்த படம் ஒரு சாட்சி. பத்து வருசம் கழித்து நாலந்தா ஓயாக் கரையில் ஒரு பூச்சி இல்லாமல் போனால், "முந்தி இருந்தது" என்று சொல்ல யாருக்கோ ஒரு ஆதாரம் வேணும். அழகான படம் என்றில்லை, மங்கலான படமும் போதும். இலங்கையில் ஏறக்குறைய 250 இன வண்ணாத்திப்பூச்சிகள் இருக்கு. எங்கட ஊர்களில் எவை இருக்கு என்று எழுதிவைக்க ஒரு விஞ்ஞானி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கோ: அரிய பூச்சி என்று தெரிந்தால் சரியான இடத்தை மறைத்துப் போடுங்கோ, அந்தத் தளத்திலேயே அதற்கு வசதி இருக்கு. காரணம் இல்லாமல் சொல்லவில்லை. 2024 மே மாதம் யால தேசிய பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் போத்தல்களில் அடைத்துக்கொண்டு போன இரண்டு இத்தாலியர்கள் பிடிபட்டார்கள். அதில் வண்ணாத்திப்பூச்சிகளும் இருந்தன. அவர்களுக்கு நீதிமன்றம் விதித்த தண்டம் 6 கோடி ரூபா. நாங்கள் பார்க்காமல் கடந்துபோகிற உயிருக்கு எங்கேயோ ஒரு சந்தை இருக்கு.

தேத்தண்ணி குடிக்க ஒதுங்கின கடையில் ஐயா ஒருவர் எங்கட கமராவைப் பார்த்து, "மல்லி, சமனலயோ?" என்று சிரித்தார். போனில் இருந்த படங்களைக் காட்டினோம். இரண்டு மூன்றுக்குச் சிங்களத்தில் பெயர் சொன்னார். பிறகு, தமிழில் என்ன சொல்லுவீங்கள் என்று கேட்டார். ஐந்து பேரும் ஆளையாள் பார்த்தோம். ஐந்து பேரின் வாயிலிருந்தும் வந்தது ஒரே சொல்: வண்ணாத்திப்பூச்சி. அடுத்ததற்கும் வண்ணாத்திப்பூச்சி. எல்லாமே வண்ணாத்திப்பூச்சி.

மாம்பழம் என்றால் கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், விலாட் என்று பிரித்துச் சொல்கிற ஆக்கள் நாங்கள். மீன் சந்தையில் பாரை வேறு, விளை வேறு, ஒட்டி வேறு. சாப்பிடுகிறதுக்குத்தான் பெயர் வைப்போமா? சிங்களத்தில் இனத்துக்கு இனம் பெயர் வைத்துப் புத்தகங்கள் வந்துவிட்டன. தமிழ்நாட்டிலும் ஆர்வலர்கள் உட்கார்ந்து பெயர் வைத்திருக்கிறார்கள். 2019இல் தமிழ்நாடு அரசு தன் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது தமிழ் மறவன் என்ற இனத்தை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழ்கிற பூச்சி அது. கறுப்பும் சிவப்புமான சிவப்புடல் அழகி கூட்டமாக இடம்பெயர்கிறது; அது கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதைப் பழைய ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பெயர்களை அப்படியே எடுக்கலாம், குறையில்லை. ஆனால் அதற்கு முன் ஒருக்கா எங்கட அம்மம்மாமாரை, தோட்டத்துப் பாட்டிமாரைக் கேட்டுப்பார்க்க வேணும் என்று நினைக்கிறோம். தேசி மரத்தில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருந்து, பெருத்ததும் பச்சையாகிற புழுவுக்கு அவர்கள் ஏதாவது சொல்லியிருப்பார்கள். இடத்துக்கு இடம் பெயர் மாறும். சிவனொளிபாதமலை என்று நாங்கள் சொல்கிற மலைக்குச் சிங்களத்தில் சமனல கந்த என்ற பெயரும் உண்டு. வண்ணாத்திப்பூச்சி மலை என்றும் அதை விளங்கிக்கொள்கிறார்கள், பூச்சிகள் அந்த மலைக்கு யாத்திரை போகின்றன என்று ஒரு நம்பிக்கையும் இருக்கு. ஒரே மலையை ஒருவர் பாதத்தால் நினைக்கிறார், இன்னொருவர் சிறகால். இரண்டையும் தெரிந்து வைத்திருக்கிறவன் பணக்காரன்.

பெயர் என்று பேசத் தொடங்கியதால், நாவுல ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. 1880க்கும் 1887க்கும் இடையில் லண்டனில் ஃபிரெட்ரிக் மூர் என்பவரின் "த லெபிடொப்டெரா ஒஃப் சிலோன்" மூன்று பாகங்களாக வந்தது. இலங்கை அரசாங்கத்தின் ஆதரவோடு வந்த புத்தகம். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸின் மேற்பார்வையில், டி அல்விஸ் குடும்பத்துச் சகோதரர்கள் வில்லியமும் ஜோர்ஜும் பூச்சியையும் புழுவையும் கூட்டையும் நிறம் பிசகாமல் வரைந்தார்கள். இன்றைக்கும் பார்த்தால் கண் எடுக்க மனம் வராது. ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு பெயர், ஒரு இலக்கம்.

அந்த நூற்றாண்டில்தான் மன்னாரில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேணும். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். அவர்களுக்குப் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. 2023இல், மலையக மக்களின் 200 வருசத்தை நினைத்து, யூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணம் இதே கோடை வெயிலில்தான் நடந்தது.

மக்கள் நடந்த பாதையையும் பூச்சி பறக்கிற பாதையையும் ஒன்றாக்கிக் கவிதை எழுத எங்களுக்கு விருப்பமில்லை. பூச்சி விரும்பிப் பறக்குது, அவர்கள் விரும்பி விழவில்லை. நாங்கள் சொல்ல வருவது வேறு. எதைப் பதிய வேணும், எதற்குப் பெயர் வைக்க வேணும் என்பதை எப்போதும் கையில் பேனையும் நேரமும் இருக்கிறவன்தான் தீர்மானித்திருக்கிறான். இப்போது எங்கட கையிலும் ஒரு போன் இருக்கு. அதால் பூச்சியையும் பதியலாம், அந்த ரோட்டோரத்தில் வாழ்கிற ஆச்சியின் கதையையும் பதியலாம். ஒன்று செய்தால் மற்றது செய்யக்கூடாது என்று சட்டமில்லை.

எங்களோடு வந்த தோழி ஒருத்தி கிளிநொச்சிக்காரி. காலையில் நாங்கள் பாதையை விட்டுப் பத்தைக்குள் இறங்கினபோது அவள் இறங்கவில்லை. சப்பாத்தில் முள்ளுக் குத்தும் என்று பயப்படுகிறாள் என்று பகிடி பண்ணினோம். கொஞ்சம் கழித்து அவளே சொன்னாள்: சின்ன வயசில் மீள்குடியேறின நேரம், மண்டையோடு கீறின சிவப்புப் பலகைகளுக்கு நடுவில்தான் பள்ளிக்கூடம் போனவளாம். "பாதையை விட்டு இறங்காதே" என்பதுதான் அம்மா சொல்லிக்கொடுத்த முதல் பாடம். நாவுலயில் மிதிவெடி இல்லை என்று மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. மத்தியானம், அந்த மணல் திட்டைப் பார்க்கத்தான் அவள் முதல்தரம் புல்லில் காலை வைத்தாள். அன்றைக்கு எடுத்த நல்ல படம் அவள் எடுத்ததுதான். எங்களைவிட மெதுவாக, எங்களைவிடக் கவனமாகக் கால் வைக்கத் தெரிந்தவள் அவள்.

"வேற வேலை இல்லையா?" என்று கேட்டவர்களுக்கு இப்போது பதில். சாமான் விலை தெரியும். எங்களில் இரண்டு பேருக்கு வேலை இல்லை என்பதும் உண்மை. பூச்சி பார்த்தால் வயிறு நிறையாது. ஆனால் எங்கட தலைமுறைக்கு நிலம் என்றால் உறுதி, வழக்கு, எல்லைக்கல், இல்லாட்டி விட்டுப்போக வேண்டிய இடம். அதற்குள் இறங்கி, பயமில்லாமல், ஒன்றையும் பிடுங்காமல், சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்கும் எங்களுக்கு உரிமை இருக்கு. அந்த உரிமையைக் காசுள்ளவனின் பொழுதுபோக்கு என்று நாங்களே தள்ளிவிட்டால், காட்டைப் பற்றிப் பேசுகிற மேசையில் எங்களுக்குக் கதிரை இருக்காது.

கடைசி விசயம், செடி. நாவுலக்குப் பக்கத்தில் நாலந்தா கெடிகே இருக்கு. திராவிடக் கட்டடக்கலைச் சாயலில் கட்டிய பழைய பௌத்தக் கற்கோயில். மகாவலித் திட்டத்தில் நீர்த்தேக்கம் வந்தபோது, தண்ணிக்குள் போகாமல் கல்லுக்குக் கல் கழற்றி, உயரத்தில் திரும்பவும் கட்டினார்கள். நல்ல வேலை. ஆனால் கல்லைத்தான் அப்படி நகர்த்தலாம். இலங்கைக்கே உரிய பெரிய கறுப்பு மஞ்சள் பூச்சி ஒன்று இருக்கு, டிரொய்டெஸ் டார்சியஸ், நாட்டின் தேசிய வண்ணாத்திப்பூச்சி. அதன் புழு ஈஸ்வரமூலிக் கொடியையும் அதன் இனத்தையும்தான் தின்னும். அந்தக் கொடியைக் களை என்று வெட்டி எரித்தால் பூச்சிக்கு வேறு சாப்பாட்டுக் கடை இல்லை. நாங்கள் அதைத் தேடினோம், காணவில்லை.

நம்பிக்கைக்கும் ஒரு உதாரணம் பக்கத்திலேயே இருக்கு. தம்புள்ளையில் 1963இல் சாம் பொப்ஹாம் என்ற பழைய தேயிலைத் தோட்டத் துரை, பத்தைக்காடாகக் கிடந்த நிலத்தை வாங்கினார். மரம் நட்டுப் பார்த்தார், வரட்சியில் சரிவரவில்லை. பிறகு பத்தையை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டி, தானாக முளைத்த நாட்டு மரக்கன்றுகளுக்கு வெளிச்சம் விட்டார். காடு தானாக வந்தது. இன்றைக்கு அது ஒரு மரச்சோலை, யாரும் போய் நடக்கலாம். நடுவதைவிட, எதை வெட்டாமல் விடுகிறோம் என்பதே பெரிய வேலை என்று அது காட்டுகிறது.

அதால் வாசிக்கிற உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் தேசியோ கறிவேப்பிலையோ இருந்தால் இலையில் ஓட்டை கண்டதும் மருந்து அடிக்காதேங்கோ. இரண்டு கிழமை பொறுத்துப் பாருங்கோ. வேலிக்கரையில் ஒரு எருக்கலையை விட்டுவையுங்கோ. காண்கிற பூச்சியை மேலும் கீழும் இரண்டு படம் எடுத்து, திகதியும் ஊரும் போட்டுப் பதியுங்கோ. வீட்டில் மூத்த ஆக்களிடம் அதுக்கு என்ன பெயர் என்று கேட்டு, அதையும் சேர்த்து எழுதுங்கோ.

ஐப்பசி மழை பெய்து முடிய நாங்கள் திரும்பவும் நாவுலக்குப் போகிறோம். அதே மணல் திட்டு, அதே எருக்கலைப் பத்தை, அதே தேத்தண்ணிக் கடை. ஐயா கேட்ட கேள்விக்கு அதற்குள் நாலு பெயராவது தமிழில் சேர்த்துக்கொண்டு போக வேணும்.